பறித்த பூவின் பொழுது

தமிழில் 'போது' என்னும் சொல் பொழுதையும் குறிக்கும், மலரும் நிலையில் உள்ள பூவையும் குறிக்கும். அரும்பு, முகை, போது, மலர், அலர் எனப் பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் பெயரிட்டு, உதிர்ந்ததை 'வீ' என்றும் வாடியதைச் 'செம்மல்' என்றும் பிரித்தறிந்த மக்கள், செடியிலிருந்து பறித்த பின்னும் பூவைப் பொழுதறிந்தே பேணினர். பூவைப் பல நாள் வாடாமல் வைத்திருப்பதைக் காட்டிலும், அது உரிய வேளையில் உரிய இடத்தில் மலர்ந்திருக்கச் செய்வதே அவர்களுடைய கலையாக இருந்தது.

இதற்குப் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை அரிய சான்று தருகிறது. கூதிர்காலத்து மழைமேகம் கதிரவனை மறைத்துவிட, பகல் எது, மாலை எது என்று ஊரார் அறிய இயலாத நாளில், மகளிர் பிச்சியின் முற்றிய அரும்புகளைப் பறித்துப் 'பிடகை' எனப்படும் பூந்தட்டில் இட்டு வைக்கின்றனர். இதழ் அவிழ்ந்து மணம் எழுந்ததும் மாலை வந்ததென உணர்ந்து, இரும்பு விளக்கில் எண்ணெய் தோய்ந்த திரியை ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். பறித்த பின்னும் அரும்பு தன் பொழுதை மறப்பதில்லை என்பதையும், மணம் அரும்பில் நிறைந்து கிடக்காமல் இதழ் விரியும் வேளையிலேயே உருவாகி வெளிப்படுகிறது என்பதையும் அன்றாடப் பழக்கத்தால் அறிந்திருந்த வீடுகள் அவை.

அதே பாட்டில் பூவின் மற்றொரு பயனும் தெரிகிறது. அகத்திணைப் பாட்டில் தலைவன் இன்னான் என்று சுட்டக் கூடாது என்பது மரபு. நெடுநல்வாடையில் பெயர் எதுவும் இல்லை. ஆயினும் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக வரும் ஒரு குறிப்பைக் கொண்டே, அவன் பாண்டியன் என்பது வெளிப்பட்டுவிட்டதென்றும், ஆகவே பாட்டு புறத்திணையைச் சேர்ந்ததென்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். போர்க்களத்தில் படைகளை இனங்காணச் சேரர் பனம்பூவையும் சோழர் ஆத்தியையும் பாண்டியர் வேம்பையும் சூடினர். ஆநிரை கவரச் செல்வோர் வெட்சியையும், எதிர்நின்று பொருவோர் தும்பையையும், வென்றோர் வாகையையும் அணிந்தனர். தும்பை தரையோடு வளரும் சின்னஞ்சிறு வெண்பூ. அழகுக்காகவோ மணத்துக்காகவோ தேடப்படாத அப்பூ, 'இனிப் பின்வாங்குதல் இல்லை' என்னும் அறிவிப்பாகத் தலையில் ஏறியது.

கோயில்கள் பெருகிய காலத்தில் பூப்பேணல் ஒரு திருத்தொண்டாயிற்று. சோழர்காலக் கல்வெட்டுகள் இறைவனுக்குச் சாத்தும் மாலையைத் 'திருப்பள்ளித்தாமம்' என்றும், பூந்தோட்டத்தைப் பேணுவதற்கு விடப்பட்ட நிலத்தைத் 'திருநந்தவனப்புறம்' என்றும் குறிக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருப்புகலூரைச் சேர்ந்த முருக நாயனார் விடியுமுன் எழுந்து, மரத்தில் பூக்கும் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூக்களையும் பறித்து வெவ்வேறு கூடைகளில் இடுகிறார். இது பக்தியின் ஒழுங்கு மட்டுமன்று, தொழிலறிவும் ஆகும். துளையுள்ள தண்டோடு விரைவில் துவளும் நீர்ப்பூவும், இதழ் எளிதில் உதிரும் கொன்றையும் ஒரே கூடையில் நசுங்கக் கூடாது. கோத்துச் செய்யும் கோவை, தலையில் சூட்டும் வட்டமான இண்டை, காம்போடு காம்பு பின்னிய பிணையல், தொங்கவிடும் தொங்கல் என அவர் ஆக்கியவற்றின் பெயர்களே பூவின் காம்பையும் இதழையும் பார்த்துத் தொடுக்கும் முறையைத் தேர்ந்த கைகளைக் காட்டுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் சைவ வினாவிடையில் பூசைக்கு ஆகாத பூக்களைத் தொகுத்தபோது, உதிர்ந்த பூ, பழம்பூ, புழு கடித்த பூ, சிலந்திநூலோ மயிரோ படிந்த பூ ஆகியவற்றோடு, 'எடுத்து வைத்து அலர்ந்த பூ'வையும் விலக்கினார். நெடுநல்வாடை மகளிர் தட்டில் வைத்து மலர்வித்த பூ இதுவே. கோயிலுக்குச் செடியிலேயே மலர்ந்த நாண்மலர், அதாவது அன்றலர்ந்த பூ வேண்டும். வீட்டுக்கும் கூந்தலுக்கும் வந்தபின் மலரும் அரும்பே வேண்டும். இவ்விரு நெறிகளும் முரண்பட்டவையாகத் தோன்றினாலும், மலரும் கணம் யாருக்கு உரியது என்னும் ஒரே வினாவுக்கு அவை இரு விடைகள்.

கூந்தலுக்குரிய நெறியைப் பின்பற்றியே மல்லிகை வணிகம் இன்றும் நடைபெறுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை விடியற்காலையில், வெயில் ஏறுமுன், மொட்டாகவே பறிக்கின்றனர். நனைத்துக் கிழித்த வாழைநாரால் அதைத் தொடுப்பதற்குக் காரணம் உண்டு. நூல் மெல்லிய காம்பை அறுத்துவிடும், நாரோ ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு காம்புக்குக் கசியவிடும். தொடுத்த சரத்தை ஈரத்துணியால் மூடியோ வாழையிலையில் பொதிந்தோ வைத்து, முழங்கை முதல் விரல்நுனி வரையிலான முழத்தால் அளந்து விற்கின்றனர். மாலையில் அது சூடியவர் தலையில் விரிகிறது. பூவுக்கு இவ்வளவு பொருள் ஏற்றிய இதே சமூகம், கணவனை இழந்த பெண்ணிடமிருந்து முதலில் பறித்தவற்றுள் பூவும் ஒன்று. இவ்வரலாற்றின் மிகக் கொடிய பக்கம் அதுவே.

இறைவன் சூடிக் களைந்த பூவுக்கு 'நிர்மாலியம்' என்று பெயர். அது குப்பையாவதில்லை, சிவாலயங்களில் அது சிவனடியாரான சண்டேசுவரருக்கு உரியது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடக்கு வாயிலருகே, முதலாம் இராசேந்திரன் காலத்துச் சிற்பம் ஒன்றில் சிவபெருமான் உமையோடு அமர்ந்திருக்க, காலடியில் சண்டேசுவரர் கைகுவித்துத் தலை தாழ்த்தியிருக்கிறார். இறைவன் தன் முன்னிரு கைகளாலும் கொன்றை மாலையை அவர் தலையில் சுற்றிக்கொண்டிருக்கிறான்.