கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்

செனாயில் வேலை முடிந்து வீடு திரும்பி, இரவுச் செய்தியின் முன் அமரும் குடும்பத்துக்குச் செய்தி வாசிப்பவரின் பெயர் தெரியும். அவர் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட மறுநாள் பேச்சில் வரும். ஆனால் படம் எடுத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதை ஜொகூர் மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். யாரோ ஒருவர் அந்தத் தண்ணீர்ப் பக்கம் கேமராவோடு போய் நின்றதால்தான் அது முடிந்தது.

பத்திரிகை நிருபர் சம்பவம் முடிந்த பிறகும் நாலு பேரைக் கேட்டு எழுதிவிடலாம். தொலைக்காட்சிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. சம்பவம் நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில், தூரத்திலிருந்தே கண்ணில் படும் ஒரு கருவியைத் தோளில் வைத்து நிற்க வேண்டும். ஒரு கண் கேமராவில் பதிந்திருக்கும். பக்கத்தில் யார் வருகிறார் என்பதுகூடத் தெரியாது. போதாக்குறைக்கு, குளிர்சாதன ஸ்டூடியோவிலிருந்து "இன்னும் கொஞ்சம் அருகில் போக முடியுமா?" என்று கேட்கும் குரல் வேறு காதில் ஒலிக்கும்.

மலேசியாவில் இதை மறக்க முடியாதபடி உணர்த்திய பெயர் நோரம்பைசுல் முகமட் நோர். பெர்னாமா தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர், வயது 39. 2011ஆம் ஆண்டு சோமாலியாவில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, புத்ரா 1மலேசியா கிளப் உதவிப் பொருட்களோடு மொகாடிஷுவுக்குப் போனது. செய்தியாளர்களும் உடன் சென்றார்கள். இங்கே நோன்புப் பெருநாள் விருந்துகள் ஓயாத வாரம் அது. செப்டம்பர் 2ஆம் தேதி, குழுவினரின் வாகனம் நகரத் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது குண்டுகள் பாய்ந்தன. நோரம்பைசுல் உயிரிழந்தார். டிவி3 ஒளிப்பதிவாளர் அஜி சரேகார் கையில் காயம் அடைந்தார்.

சுட்டது யார்? அப்போது மொகாடிஷுவில் குண்டு வைத்துக்கொண்டிருந்த அல்-ஷபாப் மீதுதான் எவருக்கும் முதலில் சந்தேகம் வரும். ஆனால் சில நாட்களில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதிப்படையே பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. அந்தப் படையில் இருந்த புருண்டி நாட்டு வீரர்கள் நால்வர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். காவலுக்கு வந்தவர்களின் துப்பாக்கியே உயிரைக் குடித்தது.

இது அபூர்வமான விபத்து அல்ல. நம் வட்டாரத்திலேயே 1975இல் கிழக்குத் திமோரின் எல்லை ஊரான பாலிபோவில், ஆஸ்திரேலியாவின் இரண்டு தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். இருவர் ஆஸ்திரேலியர், இருவர் பிரிட்டிஷ்காரர், ஒருவர் நியூசிலாந்துக்காரர். தாங்கள் தங்கிய வீட்டுச் சுவரில் ஆஸ்திரேலியக் கொடியை வரைந்து வைத்தார்கள். அடையாளம் தெரிந்தால் சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அக்டோபர் 16ஆம் தேதி இந்தோனேசியப் படை ஊருக்குள் நுழைந்தது. இரு தரப்புச் சண்டையின் நடுவே சிக்கினார்கள் என்றே நீண்ட காலம் சொல்லப்பட்டது. 2007இல்தான் சிட்னியில் நடந்த மரண விசாரணை, அவர்கள் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள், நடந்தது வெளியே தெரியக்கூடாது என்பதே காரணம் என்று முடிவு சொன்னது. அதற்கு 32 ஆண்டுகள் ஆயின.

நிகரகுவாவில் அவ்வளவு காலம் ஆகவில்லை. 1979 ஜூன் 20ஆம் தேதி அமெரிக்காவின் ஏபிசி நிருபர் பில் ஸ்டூவர்ட்டை, அரசுப் படை வீரன் ஒருவன் தெருவில் படுக்கச் சொல்லிச் சுட்டான். சற்றுத் தள்ளி நின்ற அவருடைய சொந்த ஒளிப்பதிவாளர் அதைப் படமாக்கிவிட்டார். அந்தப் படம் அமெரிக்க வீடுகளுக்கு வந்ததும் சொமோசா அரசு மறுக்க வழியில்லாமல் நின்றது. பாலிபோவில் அப்படி ஒரு படம் மிஞ்சவில்லை. ஆயுதம் ஏந்தியவர்கள் கேமராவை ஏன் முதலில் தேடுகிறார்கள் என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

இந்த மரணங்களுக்குப் பிறகு சட்டம் வராமல் இல்லை. போர்க்களத்தில் பணியாற்றும் செய்தியாளரைப் பொதுமக்களாகவே நடத்த வேண்டும் என்று 1977இல் ஜெனீவா உடன்படிக்கையின் கூடுதல் நெறிமுறை சொன்னது. 2006இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1738ஆம் தீர்மானத்தில் அதையே வலியுறுத்தியது. எல்லாம் போருக்கு எழுதிய சட்டங்கள். தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியாளர்களோ பெரும்பாலும் வீட்டுக்குப் போகும் வழியிலும் வேலை செய்யும் இடத்திலும்தான் தாக்கப்பட்டிருக்கிறார்கள்.

இலங்கையில் சக்தி, சிரச தொலைக்காட்சிகளை நடத்தும் நிறுவனத்தின் யாழ்ப்பாணச் செய்தியாளர் பரநிருபசிங்கம் தேவகுமார், 2008 மே 28ஆம் தேதி மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது நண்பரோடு சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி விடியும் முன், பன்னிப்பிட்டியில் இருந்த அதே நிறுவனத்தின் நிலையத்துக்குள் முகமூடிக் கும்பல் புகுந்து, ஊழியர்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்திக் கட்டுப்பாட்டு அறையைத் தகர்த்தது.

தமிழ்நாட்டில் போர் இல்லை. ஆனாலும் 2020 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் தமிழன் தொலைக்காட்சியின் இளம் நிருபர் இஸ்ரவேல் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். 2015 மார்ச்சில் சென்னையில் புதிய தலைமுறை அலுவலகத்தின் மீது டிபன் பாக்ஸ் குண்டு வீசப்பட்டது. தாலி பற்றிய ஒரு நிகழ்ச்சி பிடிக்கவில்லையாம். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அதே அலுவலக வாசலில் ஒளிப்பதிவாளர் ஒருவர் அடிபட்டிருந்தார்.

நம் நாட்டில் அந்த அளவுக்குப் போனதில்லை. இருந்தாலும் 2012 ஏப்ரல் 28ஆம் தேதி கோலாலம்பூர் பெர்சே பேரணியில் போலீசாரிடம் அடிபட்ட செய்தியாளர்கள் பலர். அல் ஜஸீரா குழுவின் கேமராவும் சேதமானது.

இந்த வரிசையில் மனத்தை அதிகம் உறுத்துவது பல்லடம் சம்பவம். 2024 ஜனவரி 24ஆம் தேதி, நியூஸ் 7 தமிழ் நிருபர் நேசபிரபுவை அடையாளம் தெரியாத ஆட்கள் வாகனங்களில் நோட்டமிட்டார்கள். அவர் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். காவல் துறைக்குப் போன் போட்டார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. பெட்ரோல் பங்க் ஒன்றில் இருந்தபடி, ஆட்கள் நெருங்குகிறார்கள் என்று போலீசாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கும்பல் அரிவாள்களோடு பாய்ந்தது. படுகாயம் அடைந்தும் உயிர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு பிறகு வெளியானது. உதவி கேட்ட குரல் அதில் தெளிவாகவே இருக்கிறது.

சிற்றூர் நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பும் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். வெளிநாட்டுப் போர்முனைக்குப் போகிறவருக்குக் குண்டு துளைக்காத அங்கியும், ஆபத்தான இடங்களில் நடந்துகொள்ளும் பயிற்சியும் தரும் பழக்கம் பெரிய நிறுவனங்களில் வந்துவிட்டது. மணல் லாரியைப் படம் எடுக்க ராத்திரியில் தனியாக மோட்டார் சைக்கிளில் போகிறவர், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று குறித்து வைக்கக்கூடப் பல செய்தி அறைகளில் ஆள் இல்லை.