சிறு மானியங்களும் உரிமைப் பணியும்: மருதனார்மடத்தை மையப்படுத்திய ஒரு வரலாற்று நோக்கு

ஜனநாயகத்துக்கும் மனித உரிமைக்கும் பாடுபடும் உள்ளூர் அமைப்புகளுக்கு அரசுகள் வழங்கும் சிறு மானியம் யாழ்ப்பாணத்துக்குப் பிந்தி வந்தது. உரிமைப் பணி அதற்கு மிக முந்தியது. காங்கேசன்துறை வீதியில் இணுவிலைக் கடந்ததும் வரும் மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரியில் 1927 நவம்பரில் காந்தி உரையாற்றினார். அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது, ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ். பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என அறியப்பட்ட அது, சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது. முழு விடுதலை கோரி 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. ஆசிரியரும் மாணவரும் சுமந்த இயக்கம் அது. அரசு மானியத்தில் பிறந்ததல்ல.

ஊர் அமைப்புகளுக்கு நன்கு பழக்கமான அரச உதவி, சனசமூக நிலையங்களுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் வழங்கும் சிறு தொகையே. பத்திரிகை வாங்கவும் வாசிகசாலையை நடத்தவும் அது உதவியது. ஒரே பத்திரிகையைப் பலர் கூடி வாசித்து வாதாடிய அந்த விறாந்தைகளே மருதனார்மடம் அமைந்த வலிகாமத்தின் குடியுரிமைப் பள்ளிகள் என்று கொள்வது மிகையன்று.

மனித உரிமைக்கெனத் தனி அமைப்புகள் எழுந்தது நெருக்கடிக் காலத்தில். 1971 கிளர்ச்சியை அடுத்துக் கொழும்பில் குடியியல் உரிமைகள் இயக்கம் உருவானது. 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு தோன்றியது. அரசு, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எத்தரப்பின் மீறலையும் அது பதிவுசெய்தது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த மானியமும் ஈடுசெய்ய முடியாத விலை அது.

இதற்கிடையே மேலை அரசுகள் ஜனநாயக ஆதரவைத் தம் வெளியுறவுக் கொள்கையின் பகுதியாக்கியிருந்தன. அமெரிக்கக் காங்கிரஸின் நிதியில் இயங்கும் ஜனநாயகத்துக்கான தேசிய அறக்கட்டளை 1983இல் அமைந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கிழக்கு ஐரோப்பாவில் அமெரிக்கத் தூதரகங்கள் உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகவே சிறு மானியம் வழங்கின. இலங்கையில் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, கனடிய உயர்ஸ்தானிகராலயம் நிர்வகிக்கும் உள்ளூர் முன்முயற்சிகளுக்கான கனடா நிதியம். 2002 போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து வடக்கிலும் இத்தகைய நிதி பரவியது. அமெரிக்க உதவி நிறுவனத்தின் நிலைமாற்ற முயற்சிகள் அலுவலகம் 2003இல் இலங்கையில் பணி தொடங்கியது.

பணத்தின் பின்னால் சட்டமும் வந்தது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் பதிவையும் மேற்பார்வையையும் விதித்தது. 1998 திருத்தம், மோசடிக் குற்றச்சாட்டு எழும் அமைப்புக்கு இடைக்கால முகாமைச் சபையை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. போர் முடிந்த 2009இன் பின் வடக்கில் எந்தச் செயற்திட்டத்துக்கும் ஜனாதிபதி செயலணியின் அனுமதி தேவைப்பட்டது. வீடும் வீதியும் எளிதாக அனுமதி பெற்றன. உளவளத் துணையும் உரிமைப் பயிற்சியும் தடைபட்டன. 2014 ஜூலையில், பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த அரச சார்பற்ற நிறுவனங்களின் செயலகம், ஊடக மாநாடு, ஊடகவியலாளர் பயிற்சி, ஊடக அறிக்கை ஆகியவற்றை நிறுத்துமாறு அறிவுறுத்தியது. பணம் தருபவர் கேட்ட பணியையே அனுமதி தருபவர் தடுத்த காலம் அது.

2015 ஆட்சி மாற்றம் இந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டுடன் 2018 பெப்ரவரி 10 அன்று தேர்தல் நடந்தது. மருதனார்மடம் அடங்கும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கும் இவ்விதி பொருந்தியது. முதன்முறை வேட்பாளராக நின்ற பெண்ணுக்கு வேட்புமனு நிரப்பவும் மேடையில் பேசவும் சபை வரவு செலவை வாசிக்கவும் பயிற்சி வேண்டியிருந்தது. சிறு தொகை பெரும்பயன் தரும் இடம் இதுவே.

ஆனால் மானியத்தின் நாட்காட்டி ஊரின் நாட்காட்டி அன்று. பெரும்பாலான சிறு மானியங்கள் ஓராண்டுக்குள் முடிகின்றன. முன்மொழிவு எழுதி, தவணை முறையில் பணம் பெற்று, கலந்துகொண்டோரின் கையெழுத்துப் பட்டியல் முதல் தேநீர்ப் பற்றுச்சீட்டு வரை கோவையில் சேர்த்து, இறுதி அறிக்கை கொடுப்பதற்குள் தவணை தீர்ந்துவிடும். காணாமலாக்கப்பட்டவரின் தாய்க்கோ காணி இழந்த குடும்பத்துக்கோ துணை நிற்பது பல ஆண்டுப் பணி. ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுத வல்ல நகர அமைப்புகளுக்கே வாய்ப்பு மிகுவதும், கிராம மாதர் சங்கங்கள் அவற்றின் துணைப் பங்காளிகளாய்ச் சுருங்குவதும் இம்முறையின் பெருங்குறை.

வெளிநாட்டு அரசின் முடிவில் தங்கியிருப்பதன் ஆபத்து 2025இல் வெளிப்பட்டது. ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. இலங்கையில் பல தசாப்தங்கள் பணியாற்றிய அமெரிக்க உதவி நிறுவனம் அவ்வாண்டு ஜூலை 1 முதல் தனித்து இயங்குவதை நிறுத்தியது. எஞ்சிய பணிகள் வெளியுறவுத் திணைக்களத்திடம் சென்றன.