பச்சையின் அடியிலே

இயற்கைக் காட்சி ஓவியங்கள் சர்ச்சைக்கு அப்பாற்பட்டவை என்றதோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அரசனொருவனின் உருவப்படத்தைக் கண்டால், அது யாருக்காகத் தீட்டப்பட்டதென உடனே கேட்கின்றோம். போர்க்களக் காட்சியைக் கண்டால், வென்றவன் யார், மாண்டவன் யாரென ஆராய்கின்றோம். ஆனால் மரமும் ஆறும் வானமும் தீட்டப்பட்ட ஒரு படத்தின் முன்னே நமது வினாக்கள் யாவும் அடங்கிவிடுகின்றன. அழகைக் கண்டோம் என்ற நிறைவுடன் அகன்றுவிடுகின்றோம். இந்நிறைவு எத்துணை அவசரமானது என்பதை உணர வேண்டின், பெரியதொரு நிலக்காட்சி ஓவியம் கித்தான் துணியின்மீது படை படையாக எவ்வாறு எழும்புகின்றது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டும்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது, ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் அக்கடமியில் காட்சிக்கு வைத்த 'வைக்கோல் வண்டி'. நம் தமிழில் வைக்கோல் என்றதும் நெல்லின் தாள்தான் நினைவுக்கு வரும். இங்கே குறிக்கப்படுவதோ, கோடைக் காலத்தில் அரிந்து உலர்த்தி மாரிக் காலத் தீவனமாகச் சேர்த்து வைக்கும் புல். ஓவியர் தாமே இட்ட பெயர் 'நிலக்காட்சி: நண்பகல்' என்பது. நண்பர்கள் வழங்கிய பெயரே நின்றுவிட்டது.

படத்தைப் பார்க்காதவர் இன்று அருமை. நாட்காட்டிகளிலும் பிஸ்கற் தகரங்களிலும் அது உலகம் முழுவதும் சுற்றிவந்திருக்கின்றது. ஸ்டூர் ஆற்றின் ஆழமற்ற துறையிலே மூன்று கருங்குதிரைகள் பூட்டிய வெறும் வண்டியொன்று நிற்கின்றது. வண்டியில் இருவர். இடப்புறத்தில் வில்லி லொட் என்ற உழவரின் வீடு. கரையிலே ஒரு நாய். வலப்புறம் புல்வெளி விரிந்து வெயிலில் ஒளிர்கின்றது. மேலே பாதிப் படத்தை ஆட்கொள்ளும் வானம், மழையையும் வெயிலையும் ஒருங்கே சுமந்து செல்கின்றது. இவ்வளவுதான்.

ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். அகலம் 185 சென்ரிமீற்றர், உயரம் 130 சென்ரிமீற்றர். அதாவது ஆறடிக்கு மேற்பட்ட அகலம். அக்காலத்து அக்கடமிகளின் சட்டப்படி கலைக்குள்ளும் சாதி இருந்தது. புராணமும் வேதாகமமும் மன்னர் வரலாறும் மேற்சாதி. அவற்றுக்கே பெரிய கித்தான். நிலக்காட்சி கீழ்ப்படியில் நின்றது. அதனைப் பெரிதாகத் தீட்டத் துணிந்தோர்கூட ஒரு மூலையிலே தேவதையையோ, தேவாலய இடிபாட்டையோ வைத்துத் தம் துணிச்சலுக்கு நியாயம் தேடினர். கொன்ஸ்டபிளோ 1819இல் 'வெண்குதிரை' தொடங்கி ஆறடி ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டினார். அவற்றிலே தேவதைகள் இல்லை. பாரம் இழுக்கும் குதிரை உண்டு, படகோட்டி உண்டு, ஆற்று மதகு உண்டு. கடவுளருக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு பண்ணை வண்டியை நிறுத்தியமை சிறு செயலன்று. இதனை முதலில் ஒப்புக்கொண்ட பின்னரே அவர்மீது நாம் வழக்குரைத்தல் முறை.

இனிப் படைகளுக்கு வருவோம். எண்ணெய் வர்ண ஓவியம் கட்டடம் போன்றது. அடியிலிருந்தே எழும்ப வேண்டும். ஆளிச் செடியின் நாரால் நெய்த துணியை மரச்சட்டத்தில் இழுத்து அறைந்து, எண்ணெய் நாரை அரித்துவிடாதபடி முதலில் விலங்குப் பசை பூசுவர். அதன்மேல் ஈயவெள்ளை கலந்த அடித்தளப் பூச்சு. பின்பு கபிலமோ இளஞ்சிவப்போ கலந்த ஒரு நிறத்தை முழுத் துணிக்கும் கொடுப்பர். கொன்ஸ்டபிள் விரும்பியது இத்தகைய வெதுவெதுப்பான கபில அடித்தளத்தையே. அதன்மேல் வானமும் மரத்திரள்களும் நிழலும் மெல்லிய வர்ணத்தால் பரும்படியாக இடம் பெறும். அவை உலர்ந்தபின் தடித்த வர்ணம். இறுதியாக ஒளிப் பொட்டுகளும், அடிநிறம் ஊடே தெரியத்தக்க மென்பூச்சுகளும். இவ்வரிசைக்கு ஒரு விதியுண்டு. கீழ்ப்படையில் எண்ணெய் குறைவாகவும் மேற்படையில் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். விதி மீறப்பட்டால், மெல்ல உலரும் கீழ்ப்படை அசைய, முன்னரே உலர்ந்துவிட்ட மேற்படை வெடிக்கும். ஆகவே பெரிய ஓவியமொன்று பொறுமையின் வேலை. ஒரு படை உலரும்வரை அடுத்தது காத்திருக்க வேண்டும்.

ஈயவெள்ளை என்றோமே, அது எங்கிருந்து வந்தது? ஈயத் தகடுகளைப் புளிக்காடி ஊற்றிய மட்பாண்டங்களின்மேல் அடுக்கி, குதிரைச் சாணத்தால் மூடி, மாதக் கணக்கில் அடைத்து வைப்பர். சாணத்தின் சூட்டிலும் காடியின் ஆவியிலும் ஈயம் அரிபட்டு வெண்பொடியாகும். அப்பொடியைச் சுரண்டியும் சுமந்தும் வாழ்ந்தவர்களின் உடலில் நஞ்சு ஏறியது. வயிற்று வலியும் கைகால் முடக்கமும் வலிப்பும் அவர்களுக்குக் கூலியோடு கிடைத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழிற்சாலைகளிலே பெண்கள் பெருந்தொகையாக உழைத்தனர். ஆபத்து மிகுந்த வேலைகளில் அவர்களை அமர்த்தலாகாதென இங்கிலாந்தில் தடை வந்தது 1898இலேதான். அந்நூற்றாண்டில் ஐரோப்பா தீட்டிய வெண்முகில்கள் பெரும்பாலும் இவ்வெள்ளையினால் ஆனவை. கலைவரலாற்று நூல்கள் முகிலைப் பற்றி நிரம்ப எழுதும். வெள்ளையைப் பற்றி எழுதுவது குறைவு.

கொன்ஸ்டபிளின் முறையில் வேறெங்கும் காணற்கரிய ஒரு படியும் உண்டு. வயல்வெளியில் இருந்தபடி சிறு அட்டைகளிலும் காகிதங்களிலும் அவர் எழுதிய எண்ணெய்க் குறிப்புகளிலிருந்து ஆறடி ஓவியத்துக்கு நேரே தாவிவிட முடியவில்லை. எனவே, இறுதி ஓவியத்தின் அதே அளவில் முழு மாதிரியொன்றை முதலில் தீட்டினார். 'வைக்கோல் வண்டி'க்குரிய மாதிரி இலண்டன் விக்ரோரியா அல்பேட் நூதனசாலையில் இருக்கின்றது. அதிலே கபில அடித்தளம் பல இடங்களில் மூடப்படாமலே தெரிகின்றது. தூரிகை விரைந்தோடிய தடம் அப்படியே நிற்கின்றது. நம் கால இரசிகர் பலர் இறுதி ஓவியத்தைவிட இதனையே விரும்புகின்றனர். நாமும் அக்கட்சியே. ஆயின் கொன்ஸ்டபிளுக்கு அது யாருக்கும் காட்டுவதற்கன்று, தாமே பார்த்துத் தேர்வதற்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோடை நண்பகலைக் காட்டும் இவ்வோவியம் 1820–21 மாரிக் காலத்தில், இலண்டன் வீட்டில், சில மாதங்களுள் தீட்டி முடிக்கப்பட்டது. வண்டியின் அமைப்பு சரியாக நினைவில் வராமையால், ஊரிலிருந்த இளைஞர் ஜோன் டன்தோனிடம் அதனை வரைந்து அனுப்பும்படி கேட்டுப் பெற்றார் ஓவியர். அச்சும் சக்கரமும் பிழைக்கலாகாதென்ற அந்தக் கரிசனை பாராட்டுக்குரியது. வண்டி எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றதென அவர் கேட்டார். வண்டியில் நிற்பவன் எப்படி வாழ்கின்றான் என்ற வினா படத்தில் எங்கும் இல்லை.

மாதிரியில் நாயின் அருகே, நீர்க்கரையிலே, குதிரைமீது ஒருவன் இருக்கின்றான். இறுதி ஓவியத்திலும் முதலில் அவனைத் தீட்டினார். பின்னர் அவனை மறைத்து அவ்விடத்தில் ஒரு பீப்பாவை வைத்தார். பீப்பாவும் பிடிக்கவில்லை, அதனையும் நீரின் நிறத்தால் மூடினார். எண்ணெய் வர்ணம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஊடு தெரியும் தன்மை அடைவது இயல்பு. இன்று அப்பீப்பாவின் உருவம் நீருக்குள்ளிருந்து மெல்ல மேலே வந்துகொண்டிருக்கின்றது.

கண்ணுக்குத் தெரியும் மேற்படையிலும் அவர் புதுமை செய்தார். அன்றைய இரசிகர்கள் பழைய வயலினின் கபில நிறத்தையே நிலக்காட்சியின் நிறமாகக் கொண்டிருந்தனர். பழுத்த வார்னிஷின் மஞ்சளையே பழம்பெரும் ஓவியரின் மேதைமை எனக் கருதியோரும் உண்டு. கொன்ஸ்டபிள் பச்சையைப் பச்சையாகவே தீட்டினார். ஒரே பச்சையை விரித்துப் பூசவில்லை. பல பச்சைகளைத் துணுக்குத் துணுக்காக அருகருகே வைத்தார். குதிரைகளின் சேணத்தில் சிவப்பைத் தீற்றி, அப்பச்சையெல்லாம் துடிக்கச் செய்தார். ஈர இலையின் ஒளியைக் காட்ட வெள்ளைப் பொட்டுகளைத் தூவினார். விமரிசகர்கள் அதனைக் 'கொன்ஸ்டபிளின் பனி' என எள்ளி நகையாடினர். தூரிகையின் உழைப்பை வழவழப்பாக மறைத்துவிட அவர் மறுத்தமையே அவர்களை உறுத்தியது என்பது எமது எண்ணம்.

தூரிகையின் உழைப்பை மறைக்காதவர், வயலின் உழைப்பை எவ்வாறு தீட்டினார்? இங்குதான் வழக்கு தொடங்குகின்றது.

அவர் தந்தை கோல்டிங் கொன்ஸ்டபிள் சஃபோக் மாகாணத்து ஃபிளற்ஃபோட், எசெக்ஸ் மாகாணத்து டெடம் ஆகிய ஈரிடங்களிலும் தானிய ஆலைகளை நடத்தியவர். மாவை ஆற்றுப் படகுகளிலும் பின்னர் கப்பலிலும் ஏற்றி இலண்டனுக்கு அனுப்பிய வணிகர். நெப்போலியப் போர்க்காலத்தில் தானிய விலை உயர்ந்தது. 1815இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. நிலவுடைமையாளரைக் காக்க அதே ஆண்டில் தானியச் சட்டம் வந்தது. கூலியாளரைக் காக்க எதுவும் வரவில்லை. படைவிட்டுத் திரும்பியோர் வேலை தேடி அலைந்தனர். ஏழைகள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய பொதுத்தரைகளை வேலியடைத்துத் தனியுடைமையாக்கும் சட்டங்கள் நாடெங்கும் நிறைவேறிவந்தன. ஓவியர் பிறந்த ஈஸ்ட் பேகோல்ற் ஊரின் பொதுத்தரையும் 1817ஐ ஒட்டி அவ்விதி கண்டது. மாரிக் காலத்தில் கையால் சூடடித்துக் கிடைத்துவந்த கூலியையும் சூடடிக்கும் இயந்திரங்கள் பறித்தன. 1816இல் கிழக்கு அங்கிலியாவில் கலகம் மூண்டது; ஈலி நகரில் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். 1822இல் நோர்ஃபோக், சஃபோக் மாகாணங்களில் கூலியாளர்கள் இயந்திரங்களை உடைத்தனர். வைக்கோற் போர்கள் எரிந்தன.

ஓவியருக்கு இவை தெரியாதனவல்ல. தந்தை 1816இல் இறந்தபின் தொழிலை நடத்தியவர் தம்பி ஏப்ரகாம். அத்தொழிலின் வருவாயில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இலண்டனிலிருந்த அண்ணனுக்குச் சென்றது. 1822 ஏப்ரலில் தம் நண்பர் பாதிரியார் ஜோன் ஃபிஷருக்கு எழுதிய மடலில், ஊரில் அண்மையிலோ சேய்மையிலோ தீ தெரியாத இரவில்லை எனத் தம்பி எழுதியதைக் கொன்ஸ்டபிள் குறிப்பிடுகின்றார். பாதிரியாரும் நிலக்கிழாரும் ஊரைவிட்டு அகன்றதையும், வாடகையோ திருச்சபை வரியோ குறைக்கப்படாததையும் சொல்லுகின்றார். அந்த இளவேனிற்காலத்திலேதான் 'டெடம் அருகே ஸ்டூர் ஆறு' என்ற அவருடைய அடுத்த ஆறடி ஓவியம் அக்கடமிச் சுவரில் தொங்கியது. அதிலும் படகோட்டிகள் அமைதியாகப் படகு தள்ளுகின்றனர். அடிவானத்தில் புகை இல்லை.

இதனைக்கொண்டு கொன்ஸ்டபிளைப் பொய்யர் என ஒதுக்கிவிடுவோர் உளர். 1831இல் பாராளுமன்றச் சீர்திருத்த மசோதாவை அவர் வெறுத்தெதிர்த்தமை அவர்களுக்கு வலுவான சான்று. ஜோன் பரெல் என்ற ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட நூலொன்று, ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தில் ஏழைகள் நிற்கும் இடத்தை நுணுகி ஆராய்ந்து, இவ்வழக்கைக் கல்வியுலகின் முன்வைத்தது. கொன்ஸ்டபிளின் உழைப்பாளர் தூரத்தில், முகமின்றி, நிலத்தோடு நிலமாகக் கரைந்து நிற்கின்றனர் என்பது அதன் சாரம். இதை மறுக்க நம்மால் இயலாது. எனினும் பொய் என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. ஆலையும் மதகும் வண்டியும் தவறின்றித் தீட்டப்பட்டிருக்கின்றன. உற்பத்திக் கருவிகள் யாவும் உள. உற்பத்தி உறவுதான் இல்லை. ஆலைச் சொந்தக்காரர் வீட்டுச் சாளரத்திலிருந்து நோக்கினால் உலகம் அப்படித்தான் தெரியும்.

இங்கிலாந்தில் விலைபோகாத இவ்வோவியத்தை 1824இல் அரோஸ்மித் என்ற பாரிஸ் வணிகர் வேறிரண்டு படங்களோடு சேர்த்து 250 பவுணுக்கு வாங்கிச் சென்றார். அவ்வாண்டு பாரிஸ் கண்காட்சியில் அது தங்கப்பதக்கம் பெற்றது. இளம் டெலக்ருவா இந்த ஆங்கிலப் பச்சையைக் கண்டு, துருக்கியர் கொன்றுகுவித்த கிரேக்கரைப் பற்றிய தம் 'கியோஸ் படுகொலை' ஓவியத்தின் சில பகுதிகளை மீளத் தீட்டினார் என்பர். புல்வெளிக்காகப் பிறந்த நுட்பம் படுகொலைக்கு உதவியது. மூன்று தசாப்தங்கள் கழித்து, 1857இல், மில்லே 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அங்கே படைகளின் வரிசை தலைகீழாயிற்று. குவிந்த போர்களும் நிறைந்த வண்டியும் குதிரைமீதமர்ந்த மேற்பார்வையாளனும் தூரத்துக்குத் தள்ளப்பட்டனர். முதுகொடிந்த மூன்று பெண்கள் முன்னே வந்துவிட்டனர். பாரிஸின் செல்வர் அதைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை.

'வைக்கோல் வண்டி' 1886இல் ஹென்றி வோனின் கொடையாக இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தை அடைந்தது. அதன்பின் பிறர் அதன்மேல் படைகளைச் சேர்க்கலாயினர். 1980இல், அணுவாயுத ஏவுகணைகளை இங்கிலாந்தில் நிறுத்தும் திட்டம் வெளியானபோது, பீற்றர் கெனாட் அந்த வண்டியிலே ஏவுகணைகளை ஏற்றி ஒட்டுப்படம் ஒன்று செய்தார். 2022 ஜூலையில் இளைஞர் இருவர், ஆற்றுக்குப் பதில் தார்வீதியும் வானில் விமானங்களும் மரங்களில் தீயுமாக அச்சிட்ட தாள்களை ஓவியத்தின்மேல் ஒட்டித் தம் கைகளைச் சட்டத்தோடு பசையிட்டுக்கொண்டனர். நிலக்கரி, எண்ணெய்க் கொள்கைக்கு எதிரான போராட்டம் அது. ஓவியத்தைத் தொடும் முறையை நாம் ஏற்கவில்லை. ஆயின், எரியும் சஃபோக்கை அவ்வோவியத்தின்மேல் முதன்முதலாக வைத்தவர்கள் அவர்கள்தான்.

தாள்கள் அகற்றப்பட்டன. சட்டத்திலும் வார்னிஷிலும் நேர்ந்த சிறு சேதம் திருத்தப்பட்டது. ஓவியம் மறுபடியும் சுவரில் இருக்கின்றது. நேரில் காண வாய்ப்போரும் நல்ல அச்சுப்படி கிடைப்போரும் வண்டியை விட்டு, வலப்புறத்து ஒளிர்ந்த புல்வெளியின் கோடியை நோக்குக. அங்கே புல்லறுப்போர் வேலை செய்கின்றனர். ஒருவன் அரிவாளைத் தீட்டுகின்றான். சிலர் ஏற்கெனவே நிறைந்துவிட்ட வேறொரு வண்டியின்மேல் இன்னும் புல்லை வீசிக்கொண்டிருக்கின்றனர். ஆளுக்கொரு வெள்ளைப் பொட்டு, விரல் நகத்தளவு.