மேலே கேட்க ஆள் உண்டா?

இபே-யில் சாமான் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த மின்னஞ்சல் நன்றாகத் தெரியும்: "யூ ஹேவ் பீன் அவுட்பிட்". நீங்கள் கேட்ட விலைக்கு மேலே இன்னொருத்தர் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். இறந்தகாலத்திலும் அதே 'அவுட்பிட்' தான், வால் எதுவும் சேராது. வெளிநாட்டில் வீடு வாங்க அலைந்த நம்மவர்களுக்கும் பழகிய சொல் :)

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. ஏலம் விடுவோம், கேட்போம், எடுப்போம். தோற்றவனுக்குத் தனியாக ஒரு வினைச்சொல் நாம் வைக்கவில்லை. (ஏலம் என்பதே போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல் என்கிறார்கள்.) ஊரில் கண்மாய் மீன் ஏலத்தில் "ஒருதரம், ரெண்டுதரம்... மேலே கேட்க ஆள் உண்டா?" என்பார்கள். அந்தக் கேள்வியை வைத்தே மைசூரின் ஒரு கதையைச் சொல்லிவிடலாம்.

மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே 4 அன்று கோட்டை விழுந்தது, திப்பு சுல்தான் போரில் இறந்தார். அரண்மனைச் சொத்தைப் படையினருக்குப் பங்கு போட, கொள்ளைப்பொருளுக்கென்றே அதிகாரிகள் இருந்தார்கள். பங்கு பிரிக்க வசதியாகப் பல பொருட்களை ஏலம் விட்டார்கள். தங்கத் தகடு போர்த்திய சிம்மாசனத்தை உடைத்துத் துண்டாக்கினார்கள். அதை முழுசாக இங்கிலாந்து மன்னருக்கு அனுப்ப கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஆசைப்பட்டாராம். சேதி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தப்பிய பெரிய புலித்தலையும் ஹுமா பறவையும் இன்று பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் இருக்கின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். திப்புவின் உடைகளும் ஏலத்துக்கு வர இருந்தன. கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வெல்லிங்டன் பிரபு) அண்ணனுக்கு எழுதினார்: ஊரில் அதிருப்தியோடு இருக்கும் முஸ்லிம்கள் இவற்றை நினைவுச்சின்னமாக வாங்கிவிடுவார்கள், அரசே மொத்தமாக வாங்கி இளவரசர்களுக்குக் கொடுத்துவிடட்டும் என்று. மேலே கேட்க ஆள் உண்டு என்று ஜெயித்தவருக்கே தெரிந்திருக்கிறது! அந்த ஆட்கள் கேட்பதற்கு முன் கதவைச் சாத்தப் பார்த்தார். ஒரு பழைய அங்கிக்கு அவ்வளவு பயம்.

இருநூறு வருஷம் கழித்து அதே சாமான்கள் லண்டனில் மறுபடி ஏலத்துக்கு வந்தன. 2003-ல் ஒரு வாளை விஜய் மல்லையா வாங்கினார். பின்னாளில் அதைக் கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. 2009-ல் சிம்மாசனத்தின் சின்னப் புலித்தலை ஒன்று 3,89,600 பவுண்டுக்குப் போனது. 2023 மே மாதம், தளபதி டேவிட் பெயர்டுக்குப் படை பரிசளித்த திப்புவின் படுக்கையறை வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு விற்றது. இதற்கு நடுவே 2021-ல், 15 லட்சம் பவுண்டு மதிப்பிட்ட இன்னொரு புலித்தலை நாட்டைவிட்டுப் போகாதபடி பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. தங்கள் நாட்டிலேயே யாராவது வாங்கி வைத்துக்கொள்ளட்டும் என்று. மைசூரில் உடைத்தெடுத்த துண்டு, லண்டனில் தேசியப் பொக்கிஷம்!

திப்பு நல்லவரா கெட்டவரா என்பது தீராத சண்டை, அதை இங்கே தொடங்கவில்லை. என் கேள்வி வேறு. காசு கொடுத்து மீட்பது பெருமை என்று நாமும் கை தட்டுகிறோம். ஆனால் அவுட்பிட் என்ற சொல்லில் கேட்டவர்கள் மட்டும்தான் உண்டு. ஜெயித்தவர், தோற்றவர் என்று இரண்டே பேர். பொருளைப் பறிகொடுத்த ஊருக்கு அதில் இடமே இல்லை. ஒவ்வொரு முறை நம்மவர் ஒருவர் மேலே கேட்கும்போதும், 1799-ல் நடந்தது முறையான விற்பனைதான் என்று நாமே ரசீது போட்டுக் கொடுக்கிறோமோ?

அடுத்த லீவில் மைசூர் அரண்மனை பார்க்கப் போனால், பிள்ளைகளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் கூட்டிப் போங்கள். தரியா தௌலத்தில் சுவரோவியங்கள் இருக்கின்றன. சுவரை உடைத்து ஏலம் விட முடியவில்லை, அதனால் பிழைத்தது. உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.