மஹோனியின் 15 வருடம்

"சராசரி காணாது, தாதியர் கல்லூரிக்கு எடுக்கமாட்டினம்" எண்டாள் சிநேகிதி. படுக்கையில கிடந்த அம்மம்மாவை மூண்டு வருசம் பாத்தவள் அவள்.

மேரி எலைசா மஹோனியை நினைச்சன். பொஸ்டனில், பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் கிட்டத்தட்ட 15 வருடம் சமைத்தார், துணி துவைத்தார், துப்புரவு செய்தார். கறுப்பினப் பெண்களைப் பெரும்பாலான தாதியர் பள்ளிகள் சேர்க்காத காலம். 1878 இல்தான் அதே மருத்துவமனையின் பள்ளியில் இடம் கிடைத்தது. 16 மாதக் கடும் பயிற்சி. கூடச் சேர்ந்தவர்களில் அதிகமானோர் இடையில் விலகினர். அவர் 1879 இல் முடித்து, அமெரிக்காவில் முறையான பயிற்சி பெற்ற முதல் கறுப்பினத் தாதியானார்.

புள்ளி வேண்டாமெண்டு சொல்லேல்ல. மருந்தளவு பிழைச்சால் உயிர் போகும். ஆனா வாசலில நிக்கிறவை எதை அளக்கினம், எதை விடுகினம் எண்டதும் வரலாறுதான். அவளின்ட மூண்டு வருசத்தை எழுத விண்ணப்பப் படிவத்தில ஒரு வரிகூட இல்லை.