கழுத்திலிருந்து கருவுக்கு: அயோடின் குறைபாட்டு ஆய்வு கடந்துவந்த பாதை

முன்னுரை

கருவுற்ற பெண் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 250 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறு அளவு கடுமையாகக் குறைந்தால் பிறக்கும் குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு, காது கேளாமை, பேச இயலாமை, கால்களில் இறுக்கம் ஆகியவை சேர்ந்து வரக்கூடும். மருத்துவம் இதைக் கிரெட்டினிசம் என்று அழைத்தது. உலகில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு அயோடின் குறைபாடே முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்று இன்று அறிவோம். ஆனால் இந்த ஆய்வுத் துறை நெடுங்காலம் மூளையைப் பார்க்கவில்லை. முன்கழுத்துக் கழலையையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த வீக்கமே நோயின் அளவுகோலாக நின்றதால், கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு அதன் துணைவிளைவாகக் கருதப்பட்டது. அந்த அளவுகோல் மாறிய வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

கில்கித்தும் குன்னூரும்

1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடின் கண்டறியப்பட்டது. 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். 1890களில் ஜெர்மானிய வேதியியலாளர் பௌமன், தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பதைக் காட்டினார். இருந்தும் கழலைக்கும் கிரெட்டினிசத்துக்கும் காரணம் குடிநீர், மண், கிருமி என்று பல கொள்கைகள் உலவின.

இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராபர்ட் மெக்காரிசன் கிருமிக் கொள்கையின் பக்கம் நின்றவர். கில்கித் மலைப்பகுதியில் ஒரே நீரோட்டத்தை நம்பி அடுத்தடுத்து அமைந்த ஊர்களில், கீழே போகப் போகக் கழலை மிகுவதைக் கண்டார். மேலூரின் அழுக்கு கீழூருக்கு நோயாக வருகிறது என்று முடிவு கட்டினார். காரணத்தில் அவர் தவறினார். ஆனால் 1908இல் சித்ரால், கில்கித் பள்ளத்தாக்குகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வேறொரு வகையில் முக்கியமானது. கிரெட்டினிசத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் குள்ள உருவமும் தடித்த தோலும் தைராய்டுச் சுரப்புக் குறைவின் அடையாளங்களாகத் தெரிந்தன. மற்றொன்றில் செவிட்டுத்தன்மை, மாறுகண், இறுகிய நடை என நரம்பு மண்டலப் பாதிப்பே மேலோங்கியிருந்தது. இரண்டாம் வகையைத் தைராய்டு குறைவால் மட்டும் விளக்க முடியவில்லை. அந்தப் புதிர் அவிழ அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மெக்காரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வே பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அங்கே பணியாற்றிய நோய்க்கூறியலாளர் வி. ராமலிங்கசுவாமி, மெக்காரிசன் விட்ட இடத்திலிருந்து இமயமலைக் கழலையை மீண்டும் கையிலெடுத்தார்.

காங்க்ரா: உப்பின் வெற்றி

சுவிட்சர்லாந்து 1922 முதலே அயோடின் கலந்த உப்பை விற்கத் தொடங்கியிருந்தது. அது இந்தியாவிலும் பலிக்குமா என்பது திறந்த கேள்வியாகவே இருந்தது. 1956இல் ராமலிங்கசுவாமியின் குழு இமயமலை அடிவாரக் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடும், இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டும் கலந்த உப்பு போயிற்று. மூன்றாவதற்கு வெறும் உப்பு. ஆறு ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மூன்றாவதில் குறையவே இல்லை. பிறகு அந்த மண்டலத்துக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. ஈரக் காற்றில் ஆவியாகாமல் நிற்கும் அயோடேட்டே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது என்பதும் பின்னர் நிலைபெற்றது.

1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. மலையடிவார மாவட்டங்களின் கழுத்து வீக்கத்தைக் குறைப்பதே அதன் இலக்கு. கழலை உயிரைப் பறிக்காத, பெரும்பாலும் வலிக்காத நோய். ஆகவே அரசின் முன்னுரிமைப் பட்டியலில் அது கீழேயே கிடந்தது. அயோடின் உப்பின் உற்பத்தியும் இலக்கை எட்டவில்லை.

ஜிமி பள்ளத்தாக்கு: காலத்தின் கண்டுபிடிப்பு

திருப்பம் பப்புவா நியூ கினியில் நிகழ்ந்தது. 1966இல் ஜிமி பள்ளத்தாக்கில் ஃபாரோ, பட்ஃபீல்டு, ஹெட்சல் ஆகியோரின் ஆய்வுக்காக ஒன்றுவிட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போடப்பட்டது. மற்றக் குடும்பங்களுக்கு உப்புநீர். 1971இல் முடிவு வெளியானது. அயோடின் பெற்ற பிரிவில் பிறந்த 498 குழந்தைகளில் 7 பேருக்கும், பெறாத பிரிவில் பிறந்த 534 பேரில் 26 பேருக்கும் கிரெட்டினிசம் இருந்தது. அந்த ஏழில் ஆறு குழந்தைகளின் தாய்மார் ஊசி போட்டபோதே கருவுற்றிருந்தனர். அயோடின் சேர வேண்டியது கரு உருவாகும் முன்பே என்பது இதிலிருந்து தெளிந்தது. ஒரு பிரிவினருக்குப் பயனற்ற ஊசி போட்ட இம்முறையை இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் எளிதில் ஏற்காது. இந்தச் சான்றுக்கு அந்த 26 குழந்தைகளின் குடும்பங்கள் கொடுத்த விலையையும் சேர்த்தே இந்த வெற்றியை மதிப்பிட வேண்டும்.

இதன் உயிரியல் விளக்கம் அடுத்த இருபது ஆண்டுகளில் கிடைத்தது. கருவின் தைராய்டு கர்ப்பத்தின் நடுப்பகுதியில்தான் போதிய அளவு சுரக்கத் தொடங்குகிறது. நரம்பணுக்கள் பிறந்து தத்தம் இடத்துக்கு நகரும் பெரும்பணியோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாயின் தைராய்டு ஹார்மோன் நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்பதே அதுவரை நிலவிய கருத்து. மாட்ரிடில் மொரேயாலே தே எஸ்கோபார் குழு எலிகளில் செய்த ஆய்வுகள் அதைத் தகர்த்தன. தாமாகத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனைச் சுரக்கவே முடியாத பச்சிளங்குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அந்த ஹார்மோன் இருப்பதை 1989இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். அது தாயிடமிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். மெக்காரிசனின் புதிருக்கு இங்கே விடை கிடைத்தது. நரம்பு வகைப் பாதிப்பு, கர்ப்பத்தின் முற்பகுதியில் தாய்க்கு ஏற்பட்ட குறைவின் தடம். குள்ள உருவ வகையில் குழந்தையின் சொந்தத் தைராய்டே பிறந்த பிறகும் செயலிழந்து கிடக்கிறது.

சீனாவின் ஷின்ஜியாங்கில் நடந்து 1994இல் வெளியான ஆய்வு, இந்தக் கால எல்லைக்கு எண்களைக் கொடுத்தது. கர்ப்பத்தின் முதல் ஆறு மாதங்களுக்குள் தாய் அயோடின் பெற்றிருந்தால் 2 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கே குறிப்பிடத்தக்க நரம்பியல் குறைபாடு இருந்தது. அதற்குப் பிறகு கிடைத்திருந்தால் 9 விழுக்காடு.

கொள்கையில் மாற்றம்

1983இல் ஹெட்சல், கழலையை ஒரு கூறாக மட்டும் கொண்ட 'அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்' என்ற விரிந்த வரையறையை முன்வைத்தார். அதே காலத்தில் கொச்சுப்பிள்ளை தலைமையிலான எய்ம்ஸ் குழு, உத்தரப் பிரதேசத்தின் கங்கைச் சமவெளி மாவட்டங்களில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, பிறவித் தைராய்டு குறைவு அங்கே மிகுதியாக இருப்பதைக் கண்டது. சிக்கல் மலைகளோடு நிற்கவில்லை என்பது உறுதியானதும், நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்ற முடிவை அரசு எடுத்தது. 1992இல் திட்டத்தின் பெயரும் ஹெட்சலின் வரையறைக்கு ஏற்ப மாறியது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதற்குப் பின்னர் விதிக்கப்பட்ட நடுவண் தடை 2000இல் விலக்கப்பட்டு, 2006இல் மீண்டும் வந்தது.

முடிவுரை

2013இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று, அயோடின் சற்றே குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் எட்டு வயதில் சொல்சார் அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கியதைக் கண்டது. கழலையே பேசுபொருளாக இல்லாத சமூகம் அது. தொடர்பை மட்டுமே காட்டும் ஆய்வு என்றாலும், கழுத்தை நம்பி மூளையை மதிப்பிட முடியாது என்ற எச்சரிக்கை அதில் அழுத்தமாக உண்டு.

இது தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும். 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடு. தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட தமிழ்நாட்டில் அது 61.9 விழுக்காடு, மாநிலங்களுள் கடைசி இடம். உப்பு விளையும் இடத்துக்கு அருகே, அயோடின் சேராத கல்லுப்பு மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது இதற்கு ஒரு காரணம். கழலை அரிதான ஊரில் இது யார் கண்ணையும் உறுத்தாது. கருவுற்றது தெரிந்து மருத்துவமனைக்கு வருவதற்குள் முக்கியமான வாரங்கள் கடந்துவிடுவதால், கர்ப்பகால அயோடின் மாத்திரை மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது. பல நாடுகள் இன்றும் பள்ளிக் குழந்தைகளின் சிறுநீரிலுள்ள அயோடினை அளந்தே திட்டத்தின் வெற்றியைக் கணிக்கின்றன. அந்த வயதினருக்குப் போதுமான அயோடின் கருவுற்ற தாய்க்குப் போதாமல் போகலாம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களின் அயோடின் நிலையை மாவட்ட வாரியாக அளந்து, அந்த எண்ணைக்கொண்டு உப்பு விநியோகத்தைத் திருத்துவதே இந்த ஆய்வு வரலாறு காட்டும் அடுத்த வேலை.