பொய்ச் சுமை: சென்னையைச் சுற்றி ரவுட்டர் சோதனை வளர்ந்த விதம்

ஒரு ரவுட்டர் எவ்வளவு சுமை தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சுமையை அதன் மேல் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். லட்சம் வாடிக்கையாளர்களை ஆய்வகத்துக்குக் கூட்டி வர முடியாது. அவர்கள் அனுப்பக்கூடிய பாக்கெட்டுகளைப் போலியாகச் செய்து, குறித்த வேகத்தில் அனுப்பி, மறுபுறம் வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்க்கும் கருவியே டிராஃபிக் ஜெனரேட்டர். சென்னைக்கு மேற்கிலும் வடக்கிலும் விரிந்த தொழிற்பட்டையில் பட்டறை முதலில் வரும், சோதனைக்கூடம் அதன் பின்னால் வரும். ஆவடியின் டாங்கியும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்புக் கம்பியும் அப்படித்தான் வளர்ந்தன. ரவுட்டர் விஷயத்தில் வரிசை தலைகீழானது. சோதிக்கக் கற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகே பெரிய ரவுட்டர்களின் தயாரிப்பு இந்தப் பக்கம் வந்தது.

போலிச் செய்தி அனுப்பிக் கருவியைச் சோதிக்கும் வழக்கம் இணையத்தைவிட மூத்தது. 1960இல் கிண்டியில் இத்தாலியின் ஒலிவெட்டி ஒத்துழைப்போடு இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொடங்கியது. டெலிபிரிண்டரைச் சோதிக்க உலகெங்கும் இருந்த முறை, ஆர், ஒய் என்ற இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருப்பது. ஐந்து துடிப்புக் குறியீட்டில் ஒன்று 01010, மற்றது 10101. ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாத் துடிப்பும் புரள்வதால் இயந்திரத்துக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. இயந்திரத்துக்கு எது மிகக் கடினமோ அதையே கொடுத்துப் பார்ப்பது என்ற எண்ணம் பின்னால் வந்த எல்லாக் கருவிகளிலும் தங்கியது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட் வழியாக ஐஐடி வளாகத்துக்கு வலையமைப்பு அதற்கு முன்பே பழக்கம். அடுத்த ஆண்டே எச்சிஎல் நிறுவனம் ரவுட்டர் தயாரிப்பாளரான சிஸ்கோவோடு கைகோத்தது. சிஸ்கோவின் மென்பொருளை எழுதவும் சோதிக்கவும் சென்னையில் பொறியாளர் படை ஒன்று உருவானது. கே. வி. ரமணி நிறுவிய ஃபியூச்சர் சாஃப்ட்வேர், ரவுட்டருக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் ஓடும் நெறிமுறை மென்பொருளை எழுதி உலகச் சந்தையில் விற்றது. இதே ஊரின் நெட்-ஓ2, பின்னாளில் வெரிக்ஸ், ஒரு படி மேலே போய் அட்டெஸ்ட் என்ற சோதனைத் தொகுப்பையே விற்பனைப் பொருளாக்கியது. ரவுட்டர் வெளிநாட்டில் செய்யப்பட்டுப் பெட்டியில் வந்து இறங்கும். அதைத் திணறடிக்கும் வேலை இங்கே நடக்கும்.

திணறடிப்பதற்கும் ஒரு முறை வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான எண்ணை விளம்பரத்தில் போட்ட காலம் அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்காட் பிராட்னர் 1991இல் ஆர்எஃப்சி 1242 என்ற ஆவணத்தில் சொற்களுக்கு வரையறை தந்தார். ஜிம் மெக்வெய்டுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆர்எஃப்சி 2544, 1999 மார்ச்சில் வெளிவந்து சோதனை முறையையே வகுத்தது. கும்மிடிப்பூண்டி உருட்டாலையில் முறுக்குக் கம்பியின் துண்டை இயந்திரத்தில் பிடித்து அறும்வரை இழுப்பார்கள்; அறுந்த இடத்து எண்தான் சான்று. ரவுட்டர் அறுவதில்லை, பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போடும். ஆகவே ஒரு பாக்கெட்கூடத் தொலையாத உச்ச வேகமே அதன் திறன் என்று அந்த ஆவணம் முடிவு கட்டியது. முழு வேகத்தில் தொடங்கி, இழப்பு இருந்தால் இறக்கி, இல்லையென்றால் ஏற்றி, ஒவ்வொரு சுற்றையும் குறைந்தது 60 விநாடி ஓட்டி அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். தாமதத்தை அளக்க 120 விநாடி ஓட்டத்தைக் குறைந்தது 20 முறை திருப்பிச் செய்ய வேண்டும். பாக்கெட் அளவு 64 பைட்டில் தொடங்கி 1518 வரை போகும். சோதனைப் பாக்கெட் தப்பி வெளியே ஓடினாலும் யாருக்கும் தொல்லை வராதபடி 198.18.0.0/15 என்ற முகவரித் தொகுதியும் தனியே ஒதுக்கப்பட்டது. எத்தனையோ முறை ‘காலாவதி’ என்று தீர்ப்பு எழுதப்பட்ட இந்த ஆவணத்தின் பெயர் இன்றும் டெண்டர் நிபந்தனைகளில் வருகிறது.

கருவித் தேர்வு சிக்கலாவது அந்த 64 பைட்டில்தான். ஈத்தர்நெட்டில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னோட்டக் குறிக்கும் இடைவெளிக்குமாக 20 பைட் கூடுதலாகப் போகும். ஆக 84 பைட், 672 பிட். 100 மெகாபிட் கம்பியில் அது விநாடிக்கு 1,48,810 பாக்கெட். 10 கிகாபிட்டில் சுமார் 1.49 கோடி, அதாவது 67.2 நானோவிநாடிக்கு ஒன்று. 3 கிகாஹெர்ட்ஸ் கணினிக்கு ஒரு பாக்கெட்டைச் செய்து அனுப்ப ஏறத்தாழ 200 சுழற்சிதான் கிடைக்கும். சாதாரண இயங்குதளம் அதற்குள் ஒரு பாக்கெட்டை அனுப்பி முடிப்பதில்லை. 400 கிகாபிட்டில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 59.5 கோடி. கணினி திணறுகிறதா, ரவுட்டர் திணறுகிறதா என்று பிரித்தறிய முடியாத சோதனையால் யாருக்கும் பயனில்லை.

இதனால்தான் 1990களில் தனி வன்பொருள் பெட்டிகள் கோலோச்சின. கலிஃபோர்னியாவின் நெட்காம் சிஸ்டம்ஸ் செய்த ஸ்மார்ட்பிட்ஸ் ஆய்வகங்களில் பொதுப்பெயராகவே ஆனது. அந்நிறுவனம் பின்னர் ஸ்பைரண்ட் குழுமத்தில் சேர்ந்தது. 1997இல் தொடங்கிய இக்சியா அதற்குப் போட்டி. அதன் பொறியியல் மையம் ஒன்று கொல்கத்தாவில் இருந்ததால் இந்திய ஆய்வகங்களுக்கு அது அந்நியமாக இல்லை. பாக்கெட்டுக்குள் வரிசை எண்ணையும் நேர முத்திரையையும் வன்பொருளே பதித்து அனுப்பும். எது தொலைந்தது, எது முந்தியது, எவ்வளவு தாமதம் என்பதை மறுமுனைக் கார்டு அப்படியே சொல்லும். எல்லாம் சரி, விலைதான் கட்டாது. போர்ட் போர்ட்டாகக் காசு, உரிமத்துக்குத் தனிக் காசு. சிஸ்கோ தன் பழைய ரவுட்டர்களையே பேஜண்ட் என்ற உள் மென்பொருளால் டிராஃபிக் ஜெனரேட்டராக மாற்றிப் பயன்படுத்தியதற்குச் சிக்கனமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கருவி எதுவானாலும் வேலையைத் தொடங்கும் சடங்கு ஒன்றுதான். முதலில் ரவுட்டரைத் தொடவே மாட்டார்கள். ஜெனரேட்டரின் ஒரு போர்ட்டை அதன் இன்னொரு போர்ட்டோடு நேராக இணைத்து முழு வேகத்தில் ஓட்டுவார்கள். அங்கேயே பாக்கெட் தொலைந்தால் கண்ணாடி இழையின் முனையில் தூசி இருக்கலாம், கேபிள் மடங்கியிருக்கலாம், ஆப்டிக் செருகி பழுதாகியிருக்கலாம். முனையைத் துடைத்து மறுபடி ஓட்டி, இழப்பு பூஜ்யம் என்று வந்த பிறகே நடுவில் ரவுட்டரைச் செருகுவார்கள். இதைச் செய்யாத அவசரத்தால் ரவுட்டர் மேல் எழுதப்பட்ட புகார்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

மென்பொருள் வழி மெதுவாகத்தான் எட்டிப் பிடித்தது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் மைக் மஸ் எழுதிய டிடிசிபி என்ற கருவி 1984ஐச் சேர்ந்தது. ஐபெர்ஃப் அதன் வழிவந்தது. இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு போகிறது என்று பார்க்க நல்லது, ரவுட்டரின் எல்லையைக் காட்டப் போதாது. லினக்ஸ் கருவுக்குள்ளேயே உட்கார்ந்த பாக்கெட்ஜென் ஒரு படி முன்னேற்றம். பி. ஸ்ரீவத்ஸ் என்ற இந்தியப் பொறியாளர் 2010இல் வெளியிட்ட ஆஸ்டினாடோ, பாக்கெட்டைத் திரையில் வரைந்து அனுப்பும் வசதியைச் சொந்தமாகப் பெட்டி வாங்க முடியாதவர்களுக்கும் தந்தது. உண்மையான திருப்பம் இன்டெலின் டிபிடிகே. இயங்குதளத்தைச் சுற்றிவிட்டு வலைக் கார்டோடு நேரடியாகப் பேசும் இந்த முறையால் 10 கிகாபிட் முழு வேகம் சாதாரண சர்வரில் சாத்தியமானது. அதன் மேல் எழுந்த டிரெக்ஸை சிஸ்கோ 2015இல் திறந்த மூலமாக வெளியிட்டது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மூன்ஜென்னும் அதே ஆண்டுக் கட்டுரை ஒன்றில் அறிமுகமானது.

ஆனாலும் வெறும் பாக்கெட்டை மட்டும் பொழிந்தால் ரவுட்டரின் பாதிதான் சோதனைக்கு வரும். மறுபாதி, அண்டை ரவுட்டர்களோடு பேசி வழிகளைக் கற்று மனத்தில் வைப்பது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக இணையத்தின் வழிப்பட்டியல் 5,12,000ஐத் தாண்டியது. அந்த அளவுக்கே நினைவகம் ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் பல நாடுகளில் தள்ளாடின. சில ஆயிரம் வழிகளை மட்டும் ஊட்டிச் சோதித்த எந்த ஆய்வகத்திலும் அந்தக் குறை தலைகாட்டியிருக்காது. நூற்றுக்கணக்கான அண்டை ரவுட்டர்களாக வேடமிட்டு, லட்சக்கணக்கான வழிகளை அறிவித்து, திடீரென்று பாதியைத் திரும்பப் பெறும் திறமையில் விலையுயர்ந்த பெட்டிகளின் கை இன்றும் ஓங்கியிருக்கிறது. அவற்றுக்கு ஆகும் செலவின் நியாயம் வேகத்தைவிட இதில்தான் அதிகம்.

தயாரிப்பு வந்ததும் மூன்றாவது வகைத் தேவை ஒன்று சேர்ந்தது. சிஸ்கோ 2023இல் அறிவித்து, 2024 செப்டம்பரில் சென்னை அருகே ஃப்ளெக்ஸ் நிறுவனத்தோடு தயாரிப்பைத் தொடங்கியது. முதல் வரிசையில் என்சிஎஸ் 540 ரவுட்டர்கள். அந்த ஃப்ளெக்ஸ்தான், ஃப்ளெக்ஸ்டிரானிக்ஸ் என்ற பழைய பெயரில், 2004இல் ஃபியூச்சர் சாஃப்ட்வேரை வாங்கியிருந்தது. தொழிற்சாலையில் வடிவமைப்பைச் சந்தேகிக்கத் தேவையில்லை. சாலிடர் சரியா, ஒவ்வொரு போர்ட்டும் உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு முழு ஜெனரேட்டர் வீண்செலவு. முதல் போர்ட்டில் நுழைந்த பாக்கெட் இரண்டாவதில் வெளிவந்து, கேபிள் வழியே மூன்றாவதில் நுழைந்து, இப்படியே எல்லாப் போர்ட்டையும் வளைந்து வளைந்து கடக்கும்படி இணைப்பார்கள். பாம்புச் சோதனை என்றே இதற்குப் பெயர். இரண்டே ஜெனரேட்டர் போர்ட்டில் முழுப் பெட்டியும் தேறிவிடும்.

2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரில் இப்போது பழைய லேத் பட்டறைகளுக்கு அருகிலேயே டேட்டா சென்டர்கள் நிற்கின்றன; 2023இல் என்டிடி அங்கே தன் வளாகத்தைத் திறந்தது. வாங்கிய ரவுட்டரைச் சேவையில் சேர்க்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வேலை இவற்றுக்கு உரியது. ஒரு வாரத் தேவைக்குப் பெட்டி வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதோ சர்வரில் டிரெக்ஸ் ஏற்றுவதோ கட்டுபடியாகும். பெட்டி விற்பவர்களின் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. அஜிலென்டின் என்2எக்ஸ் சோதனைப் பெட்டிப் பிரிவை 2009இல் இக்சியா வாங்கியது, இக்சியாவை 2017இல் கீசைட் வாங்கியது. 2025இல் ஸ்பைரண்டும் கீசைட்டிடம் போய், அதன் அதிவேக ஈத்தர்நெட் சோதனைப் பிரிவு உட்படச் சில பிரிவுகள் வியாவியின் கைக்கு வந்தன.